மிச்சம் போகும் இடம்

எங்கள் வீட்டுக் குக்கரின் அடியில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு எப்படியும் இரண்டு கரண்டி சோறு கிடக்கும். பையன் தட்டில் பாதித் தோசை இருக்கும். மீன்சட்டியில் உடைந்த துண்டு ஒன்றும் அடிக்குழம்பும் இருக்கும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், அடுப்படியில் நின்றவாக்கில் அதையெல்லாம் ஒரே தட்டில் வழித்துப் போட்டுச் சாப்பிட்டு முடிப்பேன். அதற்கு அரை மணி நேரம் முன்புதான் என் சாப்பாட்டையும் முடித்திருப்பேன். கல்யாணமாகி வந்த 2001இல் தொடங்கி 2022 வரை இருபத்தோரு வருஷம் இப்படித்தான் நடந்தது. எங்கம்மாவும் அப்படித்தான் செய்தாள். டயட்டீஷியன் என்னிடம், "ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்க, ஒன்னு விடாம ஒரு வாரம் எழுதிட்டு வாங்க" என்று நோட்டுப் போடச் சொன்னபோதும் நான் இதை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று விட்டதில்லை. அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றவில்லை. பாத்திரம் ஒழிப்பதில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

2022 மே மாதம், பள்ளிக்கூடம் லீவு விட்டதும், எனக்கு உடல் எடையைக் குறைக்கிற கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றரை வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் நான் தேடிப் படித்ததெல்லாம் ஆபரேஷன் எப்படி நடக்கும், எவ்வளவு செலவாகும், எத்தனை கிலோ குறையும் என்பதோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகு அந்த அடுப்படியில் மறுபடி போய் நிற்கவேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு 43 வயது. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 108 கிலோ. பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர் வேலை. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். இரண்டு வேளை இன்சுலின் போட்டும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 9.2க்குக் கீழே வரவில்லை. வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்தால் படியேறும் நேரத்தையும் சேர்த்துப் பீரியடைத் திட்டமிடுவேன். பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற அளவு, கணக்குப் போட்டால் 43. நம்மைப் போன்ற உடல்வாகுக்கு 25 தாண்டினாலே உடல்பருமன் என்று இந்திய மருத்துவர்கள் 2009இல் வரையறுத்தார்கள். சர்க்கரை மாதிரி நோய் கூட இருந்தால் 32.5இலும், இல்லாவிட்டால் 37.5இலும் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்பது அவர்கள் சொன்ன அளவு. காப்பீட்டுக் கம்பெனிகளின் அளவு வேறு. 40 இருக்கவேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான நோய் இருக்கவேண்டும். எனக்கு இரண்டு கணக்கிலும் இடம் இருந்தது. ஆனாலும் காப்பீட்டில் மூன்று முறை கடிதம் கேட்டார்கள். மூன்றாவது கடிதத்தைக் கொடுக்கப் போன அன்றைக்கு மட்டும் அழுதேன்.

"பைபாஸ்" என்ற வார்த்தையால் தெருவே பதறிவிட்டது. நம் ஊரில் பைபாஸ் என்றால் இருதயம்தான். எதிர்வீட்டு அக்கா ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன அடைப்புமா?" என்று கேட்டார்கள். இது வயிற்றுக்கு என்றதும் அவர்கள் முகம் மாறியது. இருதயத்துக்கென்றால் விதி. உடம்பு குறைக்க என்றால் வாயைக் கட்டத் தெரியாதவள். அந்தப் பார்வையை அப்புறம் நிறைய முகங்களில் பார்த்தேன்.

உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் நான் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பையைத் தனியாகப் பிரிக்கிறார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்ப்பகுதியை மேலே இழுத்து அந்தப் பையோடு தைக்கிறார்கள். பழைய இரைப்பையும் சிறுகுடலின் முதல் பகுதியும் உள்ளேயேதான் இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது. புண்ணுக்காக இரைப்பையில் பாதியை எடுத்த பெண்கள் இளைத்துப்போய், பிறகு எடை கூடாமலே இருப்பதைக் கவனித்து, அதையே உடல்பருமனுக்கு மருத்துவமாக யோசித்தார். பை சிறிதாவது மட்டும் விஷயமில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, முதல் மாதங்களிலாவது, அது அடங்கிவிடுகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்கிற குடல் ஹார்மோன்கள் கூடிவிடுகின்றன. எனக்குச் சர்க்கரை குறைந்தது எடை குறைவதற்கு முன்னாலேயே. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே இன்சுலினை நிறுத்திவிட்டார்கள்.

முதல் வாரம் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும். வடிகட்டின பருப்புத் தண்ணி, காரமில்லாத ரசம், இளநீர், ஆட்டுக்கால் சூப்பின் மேல்தெளிவு. ஒரே மூச்சில் குடிக்கக்கூடாது. கால் மணி நேரத்துக்கு 30 மில்லி. கணக்குப் போட்டேன், மணிக்கு 120, ஒன்றரை லிட்டர் உள்ளே போகப் பன்னிரண்டரை மணி நேரம் வேண்டும். விழித்திருக்கும் நேரம் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கப் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் உடைந்துபோனது. அம்மா உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளிச் சங்கைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். எனக்குப் பாலூட்டிய சங்கு. அதே சங்கில்தான் என் பையனுக்கும் ஊட்டினேன். புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, ரசத் தெளிவை அதில் ஊற்றி என் உதட்டோரம் வைத்தாள். அவளுக்கு அப்போது 68 வயது. கை லேசாக நடுங்கி ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, "நல்லா வளரணும்" என்று பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். பிறகு என்ன சொல்லிவிட்டோம் என்று அவளே திகைத்து என்னைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி நடந்ததை நான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் சமையல். எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். குக்கர் திறந்து கிடந்தது. அடியில் சோறு. என் கை கரண்டியை எடுத்தது, வழித்தது, தட்டில் போட்டது, குழம்பை ஊற்றியது, பிசைந்தது. உருண்டை வாய்க்கிட்டே வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. வயிற்றில் ஐந்து துளைக்கும் தையல் பிரிக்கவில்லை. பசி கொஞ்சமும் இல்லை. அந்த வாசனைகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கை அங்கே வந்துவிட்டது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குப்பையில் கொட்ட மனம் ஒப்பவில்லை, சோறு ஆயிற்றே. இருபத்தோரு வருஷமாக அந்த வீட்டில் மிச்சம் போகிற இடம் நான்தான். இப்போது அந்த இடத்தை அடைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெருப் பசுமாட்டுத் தொட்டியில் அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். வந்து உட்கார்ந்து, டயட்டீஷியன் கொடுத்த பழைய நோட்டை எடுத்து, எழுதாமல் விட்ட வரியை எழுதினேன். இரண்டு கரண்டி சோறு, அரைத் தோசை, குழம்பு, மீன் உதிரி. தோராயமாக 350 கலோரி. வருஷத்துக்கு 1,27,750. உடம்பு கூட்டல் கழித்தல்படி நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கவளம்கூட எனக்காகச் சாப்பிட்டதில்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து பால், மோர், புரோட்டீன் பவுடர். மூன்றாவது வாரம் எடை நின்றுவிட்டது. பத்து நாள் ஒரு கிராம் இறங்கவில்லை. பலருக்கும் அப்படித்தான் நிற்குமாம், அது தெரியாமல் தூக்கம் கெட்டேன். பிறகு கூழாக அரைத்தது, பிறகு குழைய வெந்தது, இரண்டு மாதம் கழித்துச் சாதாரணச் சாப்பாடு. இதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலும் தாளில் அச்சடித்துத் தருகிறார்கள். அந்தத் தாளில் இருந்த நான்கு வரிகள்தான் எங்கள் வீட்டையே புரட்டிப் போட்டவை. உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அரை மணி நேரம் எடுத்து, மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். முதலில் புரதம், அப்புறம் காய், கடைசியில்தான் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி.

உட்கார்ந்து, நேரத்துக்கு, அரை மணி நேரம். எங்கள் வீட்டுப் பெண் எவளும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பரிமாறிவிட்டு, கடைசியில், ஐந்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுவதுதான் எங்கள் சாப்பாடு. இப்போது டாக்டர் ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பிடச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் வருவது எட்டரைக்கு. அத்தைக்கு எட்டு மணி. பையன் டியூஷன் முடிந்து ஒன்பது. அத்தைக்கு முன்னால், வீட்டு ஆம்பளைகளுக்கு முன்னால், மருமகள் தட்டைப் போட்டு உட்காருவதா? முதல் மூன்று மாதம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். சின்ன எவர்சில்வர் தட்டு, பையனுக்கு ஊட்டின ஸ்பூன், அரை முட்டை, இரண்டு ஸ்பூன் பாசிப்பருப்பு. மெல்லுகிற சத்தம் வெளியே கேட்குமோ என்று ஃபேனைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அத்தை கதவைத் திறந்துவிட்டார்கள். தட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன், திருட்டுப்பிள்ளை மாதிரி. அவர்கள் குனிந்து அதை எடுத்துப் பார்த்தார்கள். "இம்புட்டுத்தானா?" என்றார்கள். பிறகு, "இத என்னத்துக்கு ஒளிஞ்சிருந்து சாப்பிடுத?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அத்தை தட்டைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள், நான் முடிக்கும்வரை. எழுபத்தி நான்கு வயதில் அவர்களும் அதுவரை கடைசியில்தான் சாப்பிட்டவர்கள். இப்போது எங்கள் இருவருக்கும் ஏழு மணி. அவர்களுக்கு நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறது என்கிறார்கள்.

நான் முன்னால் சாப்பிட்டுவிட்டால் பரிமாற ஆள் இல்லை என்றாகிவிடுமே என்ற பயம் எனக்குத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தடுமாறினார், மூன்றாம் நாள் போட்டுக்கொண்டார். பையன் தோசை ஊற்றப் படித்துக்கொண்டான், நடுவில் கனமாக ஊற்றுகிறான், இருந்தாலும் தோசைதான். சமைக்கும்போது உப்புப் பார்ப்பதும் அவன் வேலையானது. எனக்கு அந்த மாதங்களில் நாக்கே மாறிப்போயிருந்தது. காபி மண் மாதிரி இருந்தது. நல்லெண்ணெய் காய்ந்தால் குமட்டியது.

வெளியே சாப்பிடுவது வேறு கதை. நான்காம் மாதம், ஆவணியில், தென்காசிப் பக்கம் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள் கல்யாணம். நம் பந்தி எப்படி என்று தெரியும். நீங்கள் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பின்னால் ஒருவர் கைக்குழந்தையோடு நின்றார். குழந்தை என் தலைப்பூவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இலையில் வேண்டாம் வேண்டாம் என்று கையை மறிக்க மறிக்க எல்லாம் வந்து விழுந்தது. அவியலில் நாலு துண்டு, பருப்பு ஒரு விரல் அளவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். உளுந்தவடை சூடாக வந்தது. ஒரு விள்ளல் எடுத்து, பின்னால் நிற்கிறவருக்கு இடம் விடவேண்டுமே என்ற அவசரத்தில், நாலு மெல்லில் விழுங்கிவிட்டேன்.

அடைத்துக்கொண்டது. இதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். நெஞ்செலும்புக்குப் பின்னால் கல்லை வைத்துத் திருகுகிற மாதிரி இருக்கும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. தண்ணீர் குடித்தால் அது அதன் தலைமேல் நிற்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், விழுங்க முடியாது. பக்கத்து இலைக்காரர் பாயசத்தில் இருந்தபோதே நான் எழுந்தேன். மரியாதை இல்லைதான். மண்டபத்துக்குப் பின்புறம் அண்டா கழுவுகிற இடத்துக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முட்டை வெள்ளைக்கருவை அடித்த மாதிரி நுரை நுரையாக வந்தது. அண்டா கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்காரவைத்தாள். "மாசமா இருக்கியாம்மா?" என்று கேட்டாள். இல்லக்கா, வயித்துல ஆபரேஷன், சாப்பாடு மெல்லத்தான் இறங்கும் என்றேன். "அப்ப மெல்லத் திங்கணும்லா. பின்னால நிக்கவன் நிப்பான். அவனுக்கும் சோறு இருக்குலா" என்றாள். நாற்பது நிமிஷம் கழித்து அது இறங்கியது. உள்ளே, என் மதினி முறைக்காரி ஒருத்தி, "இலையில அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுட்டா, எங்க சாப்பாடு எறங்கல போல" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் விளக்கப் போய் அது பெரிய பேச்சானது. நான் இப்போது எந்தக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தியில்தான் உட்காருகிறேன். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். பரிமாறுகிறவர்களும் களைத்திருப்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள்.

இனிப்பைப் பற்றிச் சொல்லாமல் திருநெல்வேலிக்காரி இந்தக் கதையை முடிக்க முடியாது. எங்கள் ஊரில் நல்ல சேதி அல்வாவோடுதான் வரும். எட்டாம் மாதம், சக டீச்சர் ஒருவரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஸ்டாஃப் ரூமில் பொட்டலம் பிரிந்தது, இளஞ்சூடு, நெய் காகிதம் முழுக்கப் பரவியிருந்தது. பாதி எலுமிச்சம்பழ அளவு எடுத்தேன். வாயில் போட்டதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. சம்பள நாளன்று அவர் சைக்கிள் ஹேண்டில்பாரில் நூறு கிராம் பொட்டலம் ஆடிக்கொண்டு வரும். அதை அவர் ஐந்து பேருக்குப் பிரித்துத் தருவார். கால் மணி நேரத்தில் ஒன்பதாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. சேலை முதுகில் ஒட்டும் அளவுக்கு வேர்த்தது. வயிறு புரண்டது. சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோய் ஓடிப்போய் எச்.எம்.மைக் கூட்டி வந்தார்கள்.

இதை டம்பிங் என்கிறார்கள். இரைப்பை முன்பு சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே விடும். இப்போது அந்த வாசலே கிடையாது. சர்க்கரைப் பாகு நேராகச் சிறுகுடலில் போய் விழுகிறது. அதை நீர்க்கச் செய்ய உடம்பு ரத்தத்திலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது, அதுதான் படபடப்பும் வேர்வையும். அதோடு முடியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கியது. குளுக்கோமீட்டரில் 58. ஒரேயடியாக ஏறிய சர்க்கரைக்கு ஈடாக இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரை தலைகீழாக இறங்கிவிட்டது. ஒன்பது வருஷம் சர்க்கரை கூடிக்கூடிப் பார்த்தவளுக்குக் குறைந்த எண்ணைப் பார்த்தது பெரிய பயமாக இருந்தது. அன்று சாயங்காலம் நான் அழுதது உடம்புக்காக இல்லை. அப்பாவை அந்தப் பொட்டலம் வழியாகப் போய்ப் பார்க்கிற ஒரு வழி இருந்தது. அதை மூடிவிட்டேனே என்று அழுதேன். இப்போது, சாப்பாட்டுக்குப் பிறகு, சுண்டைக்காய் அளவு என் உடம்பு தாங்குகிறது. வருஷத்தில் ஒருநாள், அப்பா திதியன்று மட்டும்.

முடி கொட்டியது மூன்றாம் மாதம் தொடங்கி எட்டாம் மாதம் வரை. குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாக. பிச்சிப்பூச் சரம் நிற்க முடி இல்லாமல் நழுவியது. டாக்டர், திரும்ப வரும், புரதத்தை விடாதீங்க என்றார், வந்தது. சேலையில் நாலு கொசுவம் வைத்த இடத்தில் எட்டு வந்தது. வளையல் உருவி விழுந்தது. தெருவில், "என்னாச்சு, இப்படி வத்திட்டீங்க, டெஸ்ட் எதுவும் எடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். நம்மிடத்தில் உடம்பு மெலிந்தால் நோய்தான் முதலில் ஞாபகம் வரும். கை, வயிற்றுத் தோல் தொங்குவதற்கு நான் இன்னும் பழகவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. இதைப் படிப்பவர்களில் ஆபரேஷன் செய்தவர்கள் இருந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள். ஒன்றரை வருஷத்தில் எடை 71க்கு வந்தது. மூன்று மாதச் சராசரி 5.8. மாத்திரை இல்லை, மூட்டு வலி இல்லை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று சத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக விட்டேன். 2024 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், 108 கிலோவில் ஏறிய அதே படியில் 72 கிலோவில் மூச்சு வாங்கி நின்றேன். பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. ஹீமோகுளோபின் 8.4. வைட்டமின் பி12 தரைமட்டம். இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்கிற இடம் சிறுகுடலின் முதல் பகுதி, சாப்பாடு இப்போது அங்கே போவதே இல்லை. பி12ஐ உறிஞ்சத் துணை செய்கிற சுரப்பும் அமிலமும் பழைய இரைப்பையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரல் தின்றாலும் கீரை தின்றாலும் போதாது, ஆயுசுக்கும் மாத்திரைதான். இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். காதில் வாங்கி, மனதில் வாங்கவில்லை. இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றி, பி12 ஊசி போட்டுச் சரிசெய்தார்கள். இப்போது பீரோக் கதவில் டைம்டேபிள் ஒட்டியிருக்கிறேன். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம், இரும்பு போட்ட பக்கத்தில் டீ கூடாது. கால்சியம் சிட்ரேட்டாகப் பார்த்து வாங்கவேண்டும். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், நமக்கு அது குறைவு. கடையில் ரெண்டும் ஒன்னுதான் என்று கொடுப்பார்கள், ஒன்றில்லை. பர்ஸில் ஒரு சீட்டும் இருக்கிறது, டைக்ளோபினாக், இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை இவருக்குக் கூடாது, தைத்த இடத்தில் புண் வரும் என்று.

ஒருநாளைக்கு 60 கிராம் புரதம் என்பது நம் சாப்பாட்டில் எளிதில்லை. ஒரு இட்லியில் இரண்டு கிராம் இருந்தால் அதிகம். காலையில் முட்டை, இன்டர்வெலில் ஒரு கைப்பிடி சுண்டல், மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து வருகிற சாளை மீன் அல்லது மீல் மேக்கர், சாயங்காலம் பவுடர் கலந்த பால், ராத்திரி பனீரோ உளுந்தங்களியோ. களியில் கருப்பட்டி போடாமல் கிண்டப் படித்திருக்கிறேன். பசி எடுக்காத வயிற்றுக்கு மணி பார்த்துச் சாப்பிடுவது முதல் வருஷம் மருந்து குடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் வருஷத்தில் பசி மெதுவாகத் திரும்பி வந்தது. அது வந்த அன்று எனக்குப் பயமும் வந்தது, பழைய சிநேகிதி வந்த மாதிரி சந்தோஷமும் வந்தது.

இப்போது 75 கிலோ. நாலு கிலோ திரும்ப ஏறியிருக்கிறது. கொஞ்சம் ஏறும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பி.எம்.ஐ. 30, நம் கணக்கில் இன்னும் உடல்பருமன்தான். 2025இல் மவுன்ஜாரோ, வீகோவி என்று எடை குறைக்கிற வார ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததும், "கொஞ்சம் பொறுத்திருக்கலாம், அவசரப்பட்டுட்டீங்க" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். 2022இல் என் கண்ணிலும் சிறுநீரகத்திலும் சர்க்கரை என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். நான் அவசரப்படவில்லை. ஆனால் யாரையும் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்வதில்லை. 2024இல் இந்த அறுவை சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் சென்னையில் இறந்துபோன செய்தி வந்தது. எனக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகியும், அந்த வாரம் அம்மா தினமும் போன் செய்து என் குரலைக் கேட்டுவிட்டு வைத்தாள். கேட்பவர்களிடம் நான் மருத்துவரைக் கேட்கச் சொல்கிற கேள்விகளோடு என் கேள்வி ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் மிச்சத்தை யார் சாப்பிடுகிறார்கள்?

எங்கள் வீட்டில் உலை அரிசி இரண்டு உழக்கிலிருந்து ஒன்றரைக்கு வந்து ஒரு வருஷம் நின்று, பையன் கல்லூரிக்குப் போனபின் ஒன்றேகாலுக்கு வந்திருக்கிறது. சரியான அளவு பிடிபட எனக்கு எட்டு மாதம் ஆனது. கொஞ்சம் குறைந்துபோன நாட்களில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, ஒரு தோசை ஊற்றிக்கொண்டார்கள்.

போன தீபாவளிக்கு அம்மா வந்து பத்து நாள் இருந்தாள். அவளுக்கும் சர்க்கரை. ஏழு மணிக்கு என் தட்டோடு அவள் தட்டையும் வைத்தேன். "மாப்ள வரட்டும்டி, அவுகளுக்கு முந்தி எப்படி" என்றாள். அத்தை, "நீங்க உக்காருங்க மதினி, இங்க இப்ப இப்படித்தான்" என்றார்கள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். மீனில் முள் எடுத்து அம்மா தட்டில் வைத்தேன். மெல்லச் சாப்பிடுவது அவளுக்கு வரவில்லை, ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, நான் முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

"மிச்சம் எங்கட்டி வச்சிருக்க?"

"இல்லம்மா. மிஞ்சல."

அவள் நம்பவில்லை. குக்கர் மூடியைத் திறந்து, லைட்டைப் போட்டு, உள்ளே குனிந்து பார்த்தாள்.